சிலுவைராசாவின் சைலன்சர்

சிலுவைராசா மீன் வியாபாரி. ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் யசோதினி. தருமபுரத்துப் பெரிய வீதியோரம் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருந்தாள்.

இப்படி ஒரு குருவும் சீடரும் எப்படி வாய்த்தார்கள் என்று கேட்டால், எல்லாம் அந்தச் சீனத்து மோட்டார் சைக்கிளால் வந்தது. சின்ன வண்டி. வாங்கும்போது மலிவு, வாங்கிய பிறகு தலையிடி. இன்றைக்குக் கிளச் போகும், அடுத்த மாதம் செயின் போகும். உதிரிப்பாகம் கேட்டால் கடைக்காரன் சிரிப்பான். கராஜுக்கு வந்து வந்து, காத்திருக்கிற நேரத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, கடைசியில் சிலுவைராசா அங்கே தொழில் பழகுகிறவராகவே ஆகிவிட்டார். காலையில் மீன், பின்னேரம் கராஜ்.

மற்றவர்களைப்போல அவளை ‘பாஸ்’ என்று கூப்பிட அவருக்கு நாக்கு வளையவில்லை. ‘பிள்ளை’ என்றார். அவள் ‘அண்ணை’ என்றாள். ஆனால் அவள் சொன்ன வேலையைத் தட்டமாட்டார். அந்த அளவில் நல்ல சீடர்தான்.

ஒருநாள் பின்னேரம் சிலுவைராசா கராஜ் வாசலில் வண்டியின் ஸ்டாண்டைக் காலால் உதைத்த உதையிலேயே ஆள் கொதிநிலையில் இருப்பது தெரிந்தது.

“பிள்ளை, இந்தச் சைலன்சரைக் கழட்டி எறி. ரேசுக்காரர் போடுற திறந்த சைலன்சர் ஒண்டு போடவேணும். காபரேட்டரையும் மாத்து. பெருசாப் போடு.”

“என்னத்துக்கு அண்ணை?”

“என்னத்துக்கோ? உவன் டிலக்சன் இண்டைக்கு என்ன சொன்னவன் தெரியுமோ? கரையிலயிருந்து ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வெளிக்கிட்டனாங்கள். பாலத்தடியில எனக்குப் பக்கத்தில வண்டியை மெதுவாக்கி, ‘அண்ணை, கயிறு கட்டி இழுக்கட்டோ?’ எண்டு கேக்கிறான். பின்னால வந்த பஸ்ஸில இருந்த சனமெல்லாம் பல்லைக் காட்டுது. நேற்றுத்தான் வண்டியில மீன்பெட்டி கட்டினவன்! மீன் பழுதோ நல்லதோ எண்டு மணந்து பாக்கத் தெரியாதவன்! வண்டி பெருசெண்டாப் போதுமோ?”

டிலக்சனும் மீன் வியாபாரிதான். இளம் ஆள், பெரிய வண்டி. கரையிலிருந்து மீனை ஏற்றிக்கொண்டு உள்ளூருக்குப் போகிற இந்தத் தொழிலில், ஊர்ச் சந்தான ஒழுங்கைக்குள் முதலில் நுழைகிறவனிடம்தான் மீன் வாங்கச் சட்டி முதலில் நீளும். சிலுவைராசாவின் வண்டிக்கு அந்த யோகம் ஒருநாளும் கிடைத்ததில்லை. அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வயதுக்காவது ஒரு மரியாதை வேண்டாமா?

யசோதினி வண்டிக்கு முன்னால் குந்தினாள்.

“சைலன்சரை மட்டும் மாத்தினா எஞ்சின் பழுதாப் போகும், அண்ணை. புகை தடையில்லாமல் வெளியால போனா, உள்ளுக்கு வாற காத்தும் கூடும். அதுக்கேத்தபடி பெற்றோலும் கூடவேணும். காபரேட்டருக்குள்ள பெற்றோல் வாற ஜெட்டைப் பெருசாக்கி, ஓடிப் பாத்துப் பாத்துத்தான் சரிக்கட்டவேணும்.”

“சரிக்கட்டுவம்.”

“நீங்களே செய்யுங்கோ. நான் பக்கத்தில நிக்கிறன்.”

அவரே செய்தார். கழற்றினார், பூட்டினார், வீதியில் ஓடிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பிளக்கின் நுனி வெள்ளையாக இருந்தது. பெற்றோல் போதாது என்று அவள் சொன்னாள். வேறு ஜெட் போட்டார். இந்தமுறை கரிபிடித்தது. பெற்றோல் கூடிப்போனது என்றாள். வேறொருவர் என்றால் வெறுத்துப்போய் விட்டெறிந்திருப்பார். சிலுவைராசாவுக்கு டிலக்சனின் முகம் கண்முன்னால் நின்றது. நுனி தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு வரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

கடைசியில் ஸ்டார்ட் செய்தார். கராஜின் தகரக் கூரை அதிர்ந்தது. வீதிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த நாய் எழும்பி ஓடியது.

“பிள்ளை, உவனைப் பிடிக்குமோ?” என்று சத்தம் போட்டுக் கேட்டார்.

“பிடிக்கும், அண்ணை.”

பிடித்தது. அடுத்தநாளே பாலத்துக்கு இந்தப் பக்கம் டிலக்சனை முந்தினார். முந்தும்போது திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவன் வாயைப் பிளந்துகொண்டு வந்ததை வீட்டில் போய் மனைவியிடம் நடித்தே காட்டினார். அவள் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பாதி மீன் அப்படியே கிடந்தது.

அதற்கடுத்த நாளும் பாதி மீன் கிடந்தது. பிறகு பாதிக்கு மேல் கிடந்தது. பனிக்கட்டி கரைந்து, மீனின் கண் வெளுத்து, அவ்வளவும் வீட்டு முற்றத்தில் கருவாடாகக் காய்ந்தது. பெட்டி காலியானால்தான் அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும். மனைவி உப்பைத் தூவிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

சிலுவைராசா கராஜுக்கு வந்தார்.

“செவிட்டுச் சனம்!” என்றார். “நன்றி கெட்ட சனம்!”

“வண்டியில ஏதும் பிழையோ, அண்ணை?”

“வண்டி நல்ல வண்டி. சனத்திலதான் பிழை. முந்தி டிலக்சன் போய் எவ்வளவோ நேரத்துக்குப் பிறகுதான் நான் போறனான். அப்பெல்லாம் சட்டியோட வேலிப் படலையில நிண்ட சனம், இப்ப நான் அவனுக்கு முன்னால போறன், ஒருத்தி எட்டிப் பாக்கிறாளில்லை!”

“ஹோன் அடிச்சனீங்களோ?”

“அடிச்சனானோ எண்டு கேக்கிறியோ? குமிழ் வெடிக்குமட்டும் அடிச்சனான்!”

மீன்காரர்களின் ஹோன், கைப்பிடியில் பூட்டிய ரப்பர்க் குமிழ். அமுக்கினால் ‘பாம் பாம்’ என்னும். ஊருக்கு அதுதான் அழைப்பு. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அமுக்குவார்கள். யாருடைய கை என்று அடுப்படியில் நிற்கிற பெண்களுக்குத் தெரியும்.

“எத்தனை வருசமா மீன் குடுக்கிறன்! மழைக்குள்ள கொண்டுபோய்க் குடுத்தனான். முள்ளெடுத்து வெட்டிக் குடுத்தனான். இப்ப நான் கத்துறது அவையளுக்குக் கேக்கேல்லையாம். உந்தச் சனத்தின்ரை காதுக்கு என்ன செய்யலாம்? நீ எல்லாத்துக்கும் வழி சொல்லுறனி. இதுக்குச் சொல்லு, பிள்ளை.”

யசோதினி கையைத் துணியில் துடைத்தாள்.

“நாளைக்குக் கரைக்குப் போகாதையுங்கோ. வண்டியை இஞ்ச விட்டிட்டுப் போங்கோ. பூமலர் வீட்டுத் தண்ணிப் பம்பு ஸ்டார்ட் ஆகுதில்லையாம். காலமை போய் அதின்ரை காபரேட்டரைக் கழட்டித் துப்புரவாக்கி வையுங்கோ. நான் பிறகு வாறன்.”

“நான் காது கேக்காத சனத்தைப் பற்றிக் கதைக்கிறன். நீ பம்பைப் பற்றிக் கதைக்கிறாய்!”

“ஓம், அண்ணை.”

சிலுவைராசாவுக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பானர்ப் பெட்டியைத் தூக்கி எறியத் தோன்றியது. எறியவில்லை. காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பூமலர் வீட்டுக்குப் போனார்.

பூமலர் அவருடைய பழைய வாடிக்கை. அவளுடைய கைக்குழந்தை அறைக்குள் ஏணைத் தொட்டிலில் கிடந்தது. அவர் கிணற்றடியில் குந்தி, பம்பின் காபரேட்டரைக் கழற்றி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பெற்றோலில் கழுவினார். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

“என்னண்ணை, சுகமில்லாமல் கிடந்தனீங்களோ? ஆளைக் காணேல்லை.”

சிலுவைராசா நிமிர்ந்தார். “ஆரைக் காணேல்லை? நான் ஒவ்வொரு நாளும் வந்தனான்.”

“இந்த ஒழுங்கையாலயோ?”

“இந்த ஒழுங்கையாலதான்! ஹோன் அடிச்சுக்கொண்டு!”

“எனக்குக் கேக்கேல்லையே, அண்ணை. சட்டியைக் கழுவி வைச்சுக்கொண்டு உங்கடை ஹோனுக்குத்தான் காத்திருந்தனான். டிலக்சன் படலையில வந்து நிண்டு கூப்பிட்டும் வேண்டாமெண்டிட்டன். கடைசியில பருப்பைத்தான் காய்ச்சினன்.”

பொய் சொல்லுகிற முகமாகத் தெரியவில்லை. அதுதான் அவருடைய ஆத்திரத்தை இன்னும் கூட்டியது. பொய் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

“காதுக்குள்ள பஞ்சோ வைச்சிருக்கிறியள்?” என்று குரலை உயர்த்தினார்.

“மெதுவா, அண்ணை. பிள்ளைக்குப் பல்லு முளைக்கிற காய்ச்சல். இரவு முழுக்க ஒரு பொட்டு நித்திரை இல்லை. இப்பதான் கண்ணயர்ந்தது. உந்த அறுவான் வேற வாற நேரம்.”

“எந்த அறுவான்?”

“ஆரோ தெரியாது. கொஞ்ச நாளா, ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்கு மோட்டார் சைக்கிளில காது கிழியச் சத்தம் போட்டுக்கொண்டு போறான். பிள்ளை துடிச்செழும்பும். தூக்கிக்கொண்டு வெளியால வாறதுக்குள்ள ஒழுங்கை முழுக்கப் புழுதிதான் கிடக்கும்.”

சிலுவைராசாவுக்கு இப்போது விளங்கியது.

“உவன் டிலக்சன்தான்! நான் சைலன்சர் மாத்தினதைப் பாத்து அவனும் மாத்தியிருப்பான். எரிச்சல் பிடிச்சவன்! ஊருக்குள்ள கைக்குழந்தை இருக்கெண்ட அறிவும் இல்லையோ? இண்டைக்கு வரட்டும். நான் பிடிச்சுத் தாறன், பிள்ளை.”

சொல்லி வாய் மூடவில்லை. சத்தம் தூரத்தில் எழுந்தது, வந்தது, வேலியைத் தாண்டி வீட்டுக்குள்ளேயே புகுந்தது. அடுப்படித் தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன. ஏணைக்குள் குழந்தை வீரிட்டது. பூமலர் உள்ளே ஓடினாள்.

சிலுவைராசா ஸ்பானரும் கையுமாகப் படலையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். ஒழுங்கைக்கு நடுவே போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“நிப்பாட்டடா! எளிய நாயே, நிப்பாட்டடா! மனுசர் குடியிருக்கிற இடமடா இது! நீயும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானோடா?”

வண்டி அவர் முன்னால் வந்து நின்றது. புழுதி மெல்ல அடங்கியது. முதலில் தெரிந்தது மீன்பெட்டி. நீலப் பெட்டி, மூலையில் கம்பி கட்டிய பெட்டி. அந்தக் கம்பியைக் கட்டியது அவர் கை.

வண்டியில் இருந்த ஆள் எஞ்சினை நிறுத்திவிட்டு ஹெல்மெற்றைக் கழற்றினாள். யசோதினி.

வீட்டுக்குள் குழந்தை மூச்சுப் பிடித்து அழுதுகொண்டிருந்தது. பூமலர் அதைத் தோளில் போட்டபடி படலைக்கு வந்து, வண்டியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு சிலுவைராசாவைப் பார்த்தாள்.

விரித்த கை விரித்தபடி நின்றது. இவ்வளவு கோபத்தையும் யார் மேல் கொட்டுவது என்று தெரியாமல் அவர் கடைசியாக ஒருமுறை சீறினார்.

“என்ன பிள்ளை இது! சனம் இருக்கிற ஒழுங்கைக்குள்ள வரேக்க ஒரு ஹோன் அடிச்சுக்கொண்டு வரக்கூடாதோ?”

யசோதினி ரப்பர்க் குமிழிலிருந்து கையை எடுத்தாள்.

“சந்தியிலயிருந்து அடிச்சுக்கொண்டுதான் வாறன், அண்ணை.”