காப்புக் கட்டிய சிறுபீளை

கேட்க உட்கார்ந்தவர்களே, இது ரொம்பப் பழைய கதை. கடலுக்கும் மலைக்கும் நடுவில், இன்று யாரும் பேர் சொல்லாத வெண்மணல் நாடு என்றொரு நாடு இருந்தது. அதை நெடுவேலன் என்ற அரசன் ஆண்டான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நல்லவன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன், அவ்வளவுதான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஊர்க் கிணறெல்லாம் உப்புக் கரித்தது. கோட்டைக்குள் இருந்த ஓர் ஊற்றில் மட்டும் நல்ல தண்ணீர். அதுவும் வற்றிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அரசன் அதற்குக் கதவு வைத்துப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

மாடு மேய்க்கிறவர்கள் வந்து கேட்டார்கள். இல்லை என்றான். உப்பளத்துக்காரர்கள் வந்து கேட்டார்கள். இல்லை என்றான். மருத்துவர் கொற்றனாரே வந்து, "அரசே, கரிக்கிற தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊரெல்லாம் கல்லடைப்பு பெருகுகிறது" என்று கெஞ்சினார். அவருக்கும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அரசன் தானும் நாக்கு நனைகிற அளவுக்குத்தான் குடித்தான்.

நோய் சும்மா விடுமா? ஒருநாள் காலையில் அவன் இடுப்பில் கத்தி இறங்கியதுபோல ஒரு வலி கிளம்பி அடிவயிற்றுக்கு ஓடியது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகச் சிவந்து இறங்கியது. யானைப்படை இருந்தது, குதிரைப்படை இருந்தது, காலாட்படை இருந்தது. உள்ளே கிடந்த ஒரு பொடிக்கல்லை அவர்களால் என்ன செய்ய முடியும்? நாடாளும் அரசன் தரையில் புரண்டு அழுதான்.

கொற்றனாரைக் கூட்டி வந்தார்கள்.

"இதற்குச் சிறுபீளை வேர் வேண்டும், அரசே. வறட்சியில் எல்லாம் கருகிவிட்டது. மலையடிவாரத்தில், பாறை நிழலில், ஒரே ஒரு செடிதான் மிச்சம். அதற்கு நேற்றே காப்புக் கட்டிவிட்டேன்" என்றார்.

அந்தக் காலத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. மூலிகையைக் கண்டவுடன் பிடுங்கிவிட மாட்டார்கள். முதல் நாளே அதன் முன்னால் உட்கார்ந்து, மஞ்சள் நூலைக் கட்டி, நோயாளியின் பேரைச் சொல்லி, "இவர் உயிரைக் காக்க வா" என்று வேண்டிக் கேட்டுவிட்டு வருவார்கள். மறுநாள்தான் எடுப்பார்கள். யார் பேரைச் சொன்னார்களோ அவருக்குத்தான் அந்தச் செடி.

"யார் பேருக்குக் கட்டினீர்?"

"உப்பு வாருகிற வெள்ளச்சி பேருக்கு. உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறாள்."

"அந்த நூலை அறுத்துவிட்டு என் பேருக்குப் பொன்சரடு கட்டும்!"

"செடிக்குப் பொன் தெரியாது, அரசே. சொன்ன பேர்தான் தெரியும். என் தலை போனாலும் அதை நான் மாற்ற மாட்டேன்."

அரசன் ஒரு வீரனை அனுப்பினான். அவன் நூலைப் பார்த்ததும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினான். இன்னொருவனை அனுப்பினான். அவன் கையை நீட்டினான், தொடாமலே இழுத்துக்கொண்டான், அவனும் திரும்பினான். கடைசியில் தளபதியையே அனுப்பினான். எத்தனையோ கோட்டைகளை இடித்த மனிதர், ஒரு சாண் செடிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வெறுங்கையோடு வந்து, "அது இன்னொருவர் உயிர், அரசே" என்றார்.

வேறு வழியில்லாமல், கொற்றனாரையும் தளபதியையும் கூட்டிக்கொண்டு அரசனே பல்லக்கில் போனான்.

பாறை நிழலில் வெள்ளைப் பூவோடு அந்தச் செடி நின்றது. பக்கத்தில் ஒரு பாயில் வெள்ளச்சி சுருண்டு கிடந்தாள். மருந்தை அங்கேயே காய்ச்சிக் கொடுப்பதற்காக அவள் புருஷன் தூக்கி வந்திருந்தான். சேலை முந்தானையைக் கடித்துக்கொண்டு, இடது இடுப்பைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். பட்டுத்துணியைக் கடித்துக்கொண்டு, இடது இடுப்பை அழுத்திக்கொண்டுதான் அரசனும் இறங்கினான்.

"ஐயோ ராசாவே, உங்களுக்குமா?" என்றாள் வெள்ளச்சி. "எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"எனக்கும் அதே பக்கந்தான். பின்னாலேருந்து முன்னால சுண்டி இழுக்குதா?"

"ஆமாம், ஆமாம்" என்றான் அரசன்.

"இந்த வலி எதிரிக்கும் வரக்கூடாது சாமி. நிக்காதீங்க, வந்து உக்காருங்க" என்று முனகிக்கொண்டே நகர்ந்து, பாயில் அவனுக்கு இடம் விட்டாள்.

செடியை நோக்கி நீண்ட அரசனின் கை அப்படியே நின்றது. அதுவரை ஊராரின் கல்லடைப்பு என்பது அவனுக்குக் காதில் விழுந்த ஒரு சொல்தான். இப்போது அதற்கு ஒரு முகம் வந்துவிட்டது.

"இத்தனை நாளாக ஊரே இந்த வலியிலா கிடக்கிறது?" என்று மருத்துவரிடம் கேட்டான்.

"இதே வலியில்தான், அரசே."

"வேரை இவளுக்கே கொடும். பிழைத்துவிடுவாளா?"

"வேர் கல்லைத் தளர்த்தும். அதை வெளியே தள்ளுவதற்குக் குடம் குடமாக நல்ல தண்ணீர் வேண்டும். அதற்கு நான் எங்கே போவேன்?"

அரசன் சாவியை எடுத்துத் தளபதியிடம் நீட்டினான். "கதவைத் திறந்துவிடுங்கள். எல்லோரும் மொள்ளட்டும். வற்றினால் வற்றட்டும்" என்றான்.

கொற்றனார் நூலை அவிழ்த்து, வெள்ளச்சியின் பேரைச் சொல்லி மெல்ல இழுத்தார். செடி வேரோடு கைக்கு வந்தது. அவள் கஷாயத்தைக் குடித்தாள், தண்ணீரைக் குடித்தாள், மறுபடியும் தண்ணீரைக் குடித்தாள். பொழுது சாய்வதற்குள் கல் இறங்கி, எழுந்து நடந்தாள்.

அரசனுக்கு வேர் இல்லை. கொள்ளு வேகவைத்த தண்ணீரும், ஊற்றோரத்து வாழைத்தண்டுச் சாறும், செம்பு செம்பாக நல்ல தண்ணீரும்தான் கொடுத்தார்கள். பல நாள் துடித்தான். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் பித்தளைப் பாத்திரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம். அரசன் எடுத்துப் பார்த்தான். கடுகில் பாதி. ஒரு நாட்டையே மண்டியிட வைத்தது இவ்வளவுதானா என்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேரே இல்லாமல் நான் எப்படிப் பிழைத்தேன், கொற்றனாரே?"

மருத்துவர் சிரித்தார். "உங்களுக்கான மருந்து எப்போதும் உங்கள் வீட்டிலேயேதான் இருந்தது, அரசே. நீங்கள்தான் அதைப் பூட்டி வைத்திருந்தீர்கள்."

ஊருக்கெல்லாம் உரியதைப் பயந்து பூட்டி வைக்கிறவன், முதலில் தன்னைத்தான் நோயாளி ஆக்கிக்கொள்கிறான்.