ஜெயித்துக்கொண்டே இருக்கிறவர்

படிப்பு கூடினால் அடக்கம் வரும் என்பார்கள். போதகர் ஞானாபரணத்துக்கு வாய்தான் வந்தது. சீமைக்குப் போய்க் கிரேக்கம் படித்த மனுஷன். சபையே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று பிஷப்பைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பிரசங்கத்தில் ஜெயங்கொள்வதற்கான கிரேக்க வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டார். நிகாவோ, நிகாவோ என்று மணி ஒன்றாகிவிட்டது. வெளியே அசனச் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஒருநாள் ஜெயித்து மாலை போட்டுக்கொள்வதல்ல இது. நிகழ்காலம்! ஜெயித்துக்கொண்டே இருப்பது!"

வாசலில் நின்ற மாசிலாமணி கொட்டாவி விட்டான். கோயிலைப் பெருக்கி மணியடிக்கிறவன் அவன். போதகர் பார்த்துவிட்டார்.

"ஏலே, கொட்டாவியாலே விடுத? அப்படி ஜெயிச்சுக்கிட்டே இருக்கிற ஒருத்தரை இந்தக் கோயில்ல காட்டு பாப்போம். இல்லன்னா சாவிய வச்சிட்டு வீட்டுக்குப் போ."

மாசிலாமணி சபையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"கிரேக்கத்த நான் கண்டேனா ஐயா? ஆனா ஆளைக் காட்டுதேன். தூக்கம்தான் ஐயா. முதல்ல கடைசி பெஞ்சைப் பிடிச்சுது, பொறவு பாடகர் குழு, பொறவு உங்க வீட்டம்மா. இன்னும் ஜெயிச்சுக்கிட்டேதான் இருக்கு."

போதகருக்கு வாயடைத்துப்போயிற்று. அந்த நிசப்தம் பிஷப்பை உலுக்கி எழுப்பிவிட்டது. பிரசங்கம் முடிந்தது என்று நினைத்து, அவர் பதறி எழுந்து இரண்டு கைகளையும் தூக்கி, ஆராதனையை முடிக்கிற ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டார். பிஷப் கொடுத்த ஆசீர்வாதத்தை யார் திரும்பப் பிடுங்குவது?

"ஆமென்!" என்று சபை மொத்தமும் துள்ளி எழுந்தது. மாசிலாமணி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பந்திக்கு மணியடிக்கப் போனான்.

ஞானாபரணத்தின் பிரசங்கத்துக்கு அத்தனை சத்தமான ஆமென் அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழுந்ததில்லை.