உருளைக்கிழங்கு மீட்டர்

பால் காய்ச்சப் பத்து நிமிடம்தான் இருந்தது. புதுவீட்டில் இருபத்துநாலு வோல்ட் டிசி விளக்கு ஒன்றும் எரியவில்லை. பிளஸ், மைனஸ் மாறிக் கிடந்தது. எது எதுவென்று பொறியாளர் அருளானந்தத்துக்கே குழப்பம். எல்லாமே கறுப்பு வயர். "கரண்ட்டுக்குக் கண்ணா இருக்கு, கலர் பார்க்க?" என்று ஒரே கலரில் இழுக்கச் சொன்னவரே அவர்தான். பிளஸ், மைனஸ் காட்டும் மீட்டரும் செத்துக் கிடந்தது.

"மீட்டர் இல்லாம பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது!" என்று வீட்டுக்காரரிடம் கையை விரித்தார்.

வயரிங் வேலை பார்க்கும் இசக்கியம்மாள், நறுக்கிய உருளைக்கிழங்கில் இரண்டு வயர் முனைகளையும் குத்தினாள். பொறியாளர் பேந்தப் பேந்த விழித்தார். சற்று நேரத்தில் ஒரு செம்பு முனையைச் சுற்றிப் பச்சை படர்ந்தது.

"இதுதான் பிளஸ்" என்று மாற்றிப் பூட்டினாள். வீடு பளிச்சென்றது.

"கிழங்குக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் பொறியாளர்.

"கரண்ட்டுக்குக் கண்ணில்லை, சரிதான் சார். கலர் பார்க்க நமக்குமா இல்லை?"