கடித்துக் காட்ட முடியாத காய்

நாவல் ஓடைக் காட்டில் வரிச்சி என்றொரு அணில் இருந்தது. புரட்டாசிக்குள் அதன் பொந்து நிறைய வாதுமைக் கொட்டை சேர்ந்துவிடும். மழைக்கு முன்னால் விலங்குகள் எல்லாம் ஓடைக்கரையில் கூடிப் பண்டம் மாற்றிக்கொள்வது அந்தக் காட்டு வழக்கம். கொடுப்பவர் தன் பண்டத்தில் ஒன்றை எல்லார் முன்னாலும் கடித்துக் காட்ட வேண்டும். சொத்தை இல்லை என்று தெரிந்த பிறகுதான் அது கை மாறும்.

அந்த ஆண்டு மைனாக் கூட்டம் புதுசாக ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பெயர் குரல்காய். பெயரில்தான் காய், கண்ணால் பார்க்க முடியாது. யாரிடம் எத்தனை குரல்காய் இருக்கிறது என்பதை நூறு மைனாக்களும் மனப்பாடமாக வைத்திருக்கும். ஒன்று பொய் சொன்னால் மற்றதெல்லாம் கத்திக் காட்டிக் கொடுத்துவிடும்.

"இது அழுகாது! எலி திருடாது! சிங்கம்கூடப் பிடுங்க முடியாது!" என்றது மைனாத் தலைவன் மஞ்சமூக்கன்.

"எல்லாம் சரிப்பா. எத்தனை மழைக்குத் தாங்கும்?" என்று கேட்டது முள்ளம்பன்றி முள்ளாயி.

"நூறு மழைக்குத் தாங்கும்! எண்ணிக்கைதான் மாறாதே!"

"எண்ணிக்கை மாறாது. அதுக்குக் கிழங்கு குடுக்கிறவ மனசு மாறினா?"

"போன வாரம் ஒரு குரல்காய்க்கு ஒரு கொட்டை. இன்னைக்கு அஞ்சு கொட்டை! இன்னும் என்ன வேணும்?"

வரிச்சிக்கு இரண்டு பேச்சும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் முதலிலேயே குரல்காய் வாங்கிப் போட்ட கடுவன் குரங்கு, இரண்டு கன்னமும் புடைக்க எதிரே வந்து நின்றது. பொந்தில் கண் திறக்காத குட்டிகள் நான்கு. விலை இன்னும் ஏறினால் இந்த மழைக்கு வெளியே தலைகாட்ட வேண்டியதே இல்லை! வரிச்சி முந்நூறு கொட்டையையும் குரங்கிடம் கொடுத்து அறுபது குரல்காய் வாங்கிக்கொண்டது.

கண்மூடித் திறப்பதற்குள் மாற்றம் முடிந்துவிட்டது. யாரும் எதையும் கடித்துக் காட்டவில்லை. போன வருஷம் முள்ளாயி கடித்த கிழங்கு காறி, நாக்கு அரித்து, அது கரையெல்லாம் குதித்தது வரிச்சிக்கு நினைவு வந்தது. அன்றைக்குக் கரடிகூட உருண்டு புரண்டு சிரித்ததே! இன்று கரை வெறிச்சென்று கிடந்தது. வரிச்சிக்கு ஏக்கமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் வரிச்சிக்குப் பால் வற்றி, குட்டிகள் பசியில் கத்தின. குரங்கு கொட்டைகளோடு எப்போதோ மலையேறிவிட்டது. வரிச்சி நனைந்துகொண்டே முள்ளாயியின் வளைக்கு ஓடியது.

"வரிச்சிக்கு அறுபது குரல்காய்! பிசகே இல்லை!" என்று மேலே கிளையில் நனைந்தபடி கூவியது மஞ்சமூக்கன். பாவம், அது சொன்னது சத்தியமான கணக்கு.

"அக்கா, அறுபதையும் வெச்சுக்கோங்க. பத்துக் கிழங்கு போதும்."

"ஒண்ணைக் கடிச்சுக் காட்டு!"

வரிச்சி வாயைத் திறந்தது. கடிக்க எதுவும் இல்லை. திறந்த வாய் அழுகையில் முடிந்தது.

முள்ளாயி உள்ளே போய்க் கிழங்குகளை உருட்டிக்கொண்டு வந்தது. ஒன்றை நறுக்கென்று கடித்து, மென்று, நாக்கை நீட்டிக் காட்டியது.

"காறல் இல்ல, பாத்துக்கோ! கொண்டு போ, புள்ளைங்க காத்திருக்கும். அடுத்த வருஷம் கொட்டையோட கரைக்கு வா. என் கண்ணு முன்னால கடிச்சுக் காட்டணும், ஆமா!"

"அக்கா, எனக்கும் ஒரு துண்டு... ஆயிரம் குரல்காய் தரேன்!" என்று கிளையிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

முள்ளாயி சிரித்துவிட்டது. கண்ணீரோடு வரிச்சியும் சிரித்தது, போன வருஷம் ஓடைக்கரையில் சிரித்த அதே சிரிப்பு.

கணக்கு எவ்வளவு பிசகாமல் இருந்தாலும், பசிக்கும் நாளில் அதை வாங்கிக்கொண்டு ஒரு வாய் உணவு கொடுக்க யாரும் இல்லையென்றால் அது செல்வமே இல்லை.