அபூர்வமாக ஆசைப்பட்ட ஆட்காட்டி

குளத்துக்குப் பக்கத்துத் தரிசில் ஆட்காட்டிப் பறவை ஒன்று நாலு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. பங்குனி வெயில் பொளந்துகொண்டிருந்தது. கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிக் கொஞ்சம் கூழாங்கல், அவ்வளவுதான். அந்த வீட்டுக்குக் கதவும் பூட்டும் ஆட்காட்டியின் தொண்டைதான்.

யார் வந்தாலும் "ஆள் வரான் பார்! ஆள் வரான் பார்!" என்று ஊரைக் கூட்டிவிடும். மாடு வந்தாலும் கத்தும். காற்றில் பாலிதீன் பை பறந்து வந்தாலும் கத்தும்.

அப்போது குளம் நிறைய விருந்தாளிகள். பனிக்காலத்துக்குத் தெற்கே வந்திருந்த வரித்தலை வாத்துகள் வடக்கே திரும்பும் நேரம் அது. பெரிய பெரிய மலைகளைத் தாண்ட வேண்டுமே! அதற்காக வயிறு முட்ட மேய்ந்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தன.

அவற்றைப் பார்க்கக் கரைக்குத் தினமும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தொப்பிக்காரர். அவர் கண்ணை விட்டு பைனாகுலர் இறங்காது. இன்னொருவர் நோட்டுக்கார அம்மாள். அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதுவார்.

ஒருநாள் அந்த அம்மாள் கேட்டார். "அந்தா, தரிசுல ஒண்ணு கெடந்து கத்துதே, அது என்ன பறவை?"

"அது ஆட்காட்டிம்மா! சவத்த விடுங்க, தெனமும் பாக்கதுதான. நீங்க வாத்த எழுதுங்க. அபூர்வம்லா!"

இதைக் கேட்ட ஆட்காட்டிக்கு முகம் சுண்டிப்போயிற்று. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அதன் வீட்டுக்காரர் அப்போதுதான் வந்து சேர்ந்தார். வெயில் காலத்தில் முட்டை வெந்துவிடாமல் ஈர வயிற்றால் குளிரவைப்பது ஆட்காட்டிகளின் வழக்கம்.

"கேட்டியளா? நாலு மாசம் தங்கிட்டுப் போறதுவ அபூர்வமாம்! பொறந்து வளந்த நான் சவமாம்!"

"சரி விடுட்டி. முட்ட சூடாவுது, நவுரு!" என்றார் வீட்டுக்காரர்.

உடைமரப் புதருக்குள் ஒரு கீரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து நாளாக அந்த நாலு முட்டைக்கு நாக்கைச் சப்பிக்கொண்டு திரிகிற கீரி. இரண்டடி வைத்தால் போதும், இந்தப் பறவை கத்தித் தீர்த்துவிடும். ஒரு நாளும் கிட்டே நெருங்க முடிந்ததில்லை.

வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனதும் கீரி மெல்லத் தலையை நீட்டியது.

"கீரி வரான் பார்! கீரி வரான் பார்!"

"இதான்! இதான் மைனி உங்க கொற! எந்நேரமும் கத்துனா எவன் திரும்பிப் பாப்பான்? வாத்துக்கு ஏன் இம்புட்டு மவுசு? பாதி வருசம் யாரு கண்ணுலயும் படாது. அதான் சூட்சுமம்!" என்று அண்ணி முறை கொண்டாடியது கீரி.

ஆட்காட்டி கத்துவதை நிறுத்தியது. முதல் தப்பு அதுதான்.

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"ஒரு வாரம் கோரைக்குள்ள ஒளிஞ்சு இருங்க. வாயத் தொறக்காதிய. அப்புறம் பாருங்க, உங்களப் பாக்க பஸ் புடிச்சு வருவாவ!"

"இதுல ஒமக்கு என்ன லாபம்?"

"காதுவலி கொறையும்லா!" என்றது கீரி.

நியாயமான பதிலாகத்தான் பட்டது. வீட்டுக்காரர் திரும்பி வந்ததும் ஆட்காட்டி விஷயத்தைச் சொன்னது.

அவர் துள்ளிவிட்டார். "ஏட்டி, கீரி சொல்லுத யோசனைய எந்த ஆட்காட்டியாவது கேக்குமா?"

"எனக்கு ஒரு பேரு வந்தா ஒங்களுக்குப் பொறுக்காதே! இன்னொண்ணும் சொல்லிட்டேன், நீங்களும் கத்தப்பிடாது. ஒரே வீட்டுல ஒண்ணு அபூர்வம், ஒண்ணு சாதாரணம்னு இருக்க முடியுமா?"

வீட்டுக்காரர் வாயை மூடிக்கொண்டார். பாவம், குடும்பஸ்தர்.

முட்டைகளின் மேல் சத்தமில்லாமல் பதுங்கிக் கிடப்பது வீட்டுக்காரர் பொறுப்பாயிற்று; ஆட்காட்டி கோரைக்குள் புகுந்தது. வெட்டவெளியில் ஓடித் திரிந்த பறவைக்கு அது ஒரு ஜெயில். கால் சேற்றில் புதைந்தது. கொசு பிடுங்கியது. ஒரு தவளை வந்து, "யாரு, ஆட்காட்டியா? இங்க என்ன செய்யுதிய?" என்று கேட்டது.

"உஸ்! நான் இங்க இல்ல!" என்றது ஆட்காட்டி.

இரண்டு நாள் ஓடியது. குளமே ஊமையாகிவிட்டது. வாத்துகள் ஒரு வாய் மேய்வதும், கழுத்தை நீட்டி நாலா பக்கமும் பார்ப்பதுமாக இருந்தன. அது ஏன் என்று ஆட்காட்டி யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் உச்சி வெயில். வயிறு நனைக்க வீட்டுக்காரர் தண்ணீருக்குப் போனார். முட்டைகள் தனியாகக் கிடந்தன. அதே நேரம் கரையில் தொப்பிக்காரரின் குரல் கேட்டது.

"மூணு நாளா ஆட்காட்டியவே காணலையே! ஒரு சத்தமும் இல்ல!"

"ஆமா, எங்க போச்சு? தேடிப் பாப்பமா?" என்றார் அம்மாள்.

ஆட்காட்டிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தேடுகிறார்கள்! தன்னைத்தான் தேடுகிறார்கள்! பைனாகுலர் கோரைப் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும்.

அப்போதுதான் தரிசில் ஒரு வால் அசைந்தது. கீரி! முட்டைக்கும் அதற்கும் பத்தடி கூட இல்லை.

கத்தினால் பழையபடி சாதாரணப் பறவைதான். ஆட்காட்டி அரை நொடி யோசித்தது. அந்த அரை நொடியை நினைத்து அது பிறகு வெகுநாள் வெட்கப்பட்டது.

"கீரி வரான் பார்! கீரி வரான் பார்! ஐயோ, ஓடி வாங்களேன்!"

மூன்று நாள் அடக்கிவைத்த சத்தம் குளத்தையே கிடுகிடுக்க வைத்தது. நூறு வாத்துகள் ஒரே அடியாகக் கிளம்பின. வீட்டுக்காரர் ஒரு பக்கம் பாய்ந்து கீரியின் தலையில் கொத்தினார், ஆட்காட்டி மறுபக்கம் பாய்ந்து முதுகில் கொத்தியது. மேலே பார்த்தால் வானம் தெரியவில்லை, எல்லாம் இறக்கை. கீரி எடுத்த ஓட்டத்தில் வழி தவறிச் சகதிக்குள் விழுந்து, எழுந்து, புதருக்குள் மறைந்தது.

முட்டைகள் நாலும் பத்திரம்.

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். "சவம், இங்கதான் இருந்திருக்கு! கத்தி அத்தனை வாத்தையும் கெளப்பி விட்டுட்டே!"

ஆட்காட்டி தலையைத் தொங்கப்போட்டது. வாத்துகள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே வந்து இறங்கின. கூட்டத்தின் தலைவி முன்னால் வந்தாள். வருஷா வருஷம் வந்து போவதால் அவளுக்கு அந்த ஊர்ப் பேச்சு தண்ணீர்பட்ட பாடு.

"எங்க போயிருந்த ஆத்தா? மூணு நாளா நிம்மதியா ஒரு வாய் திங்க முடியல. வழியில எத்தனையோ குளம் இருக்கு. நீ கத்துவேங்கிற தைரியத்துலதான் நாங்க இங்க வந்து தல குனிஞ்சு மேயுதோம். காவல் இல்லாத குளத்துல என்னத்துக்கு இருக்கன்னு, அரைவயிறும் கால்வயிறுமா இன்னைக்கே கெளம்ப இருந்தோம். இந்த ஒடம்போட போனா பாதிப்பேரு மலை தாண்ட மாட்டோம்."

தன் கத்தலை நம்பித்தான் அந்த அபூர்வங்களே வருகின்றன என்று ஆட்காட்டி நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

வாத்துகள் இன்னும் பத்து நாள் இருந்து, கொழுகொழுவென்று வடக்கே கிளம்பின. நாலு முட்டையும் பொரிந்தன. குஞ்சுகள் பஞ்சு உருண்டைகளாக ஓடித் திரிந்தன.

அன்று நோட்டுக்கார அம்மாள் கேட்டார். "வாத்து போயிட்டே! இன்னைக்கு என்ன எழுத?"

"என்ன எழுத? ஆட்காட்டி, வழக்கம்போல!" என்றார் தொப்பிக்காரர்.

ஆட்காட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவரைப் பார்த்தே கத்தியது. "ஆள் வரான் பார்! ஆள் வரான் பார்!"

என்றோ ஒருநாள் கண்ணில் பட்டு வியக்கவைப்பதைவிட, நம்பியிருப்பவர்களுக்காகத் தினமும் தன் வேலையைச் செய்வதே பெருமை.