சர்வர் படுத்துக்கொண்ட கதை

மாறாங்குளத்துச் சமையல்காரர்கள் உப்பு, புளி, காரம் எல்லாம் அளந்து போடுவார்கள். மூளையை அளக்க மட்டும் அத்தனை சின்னக் கரண்டி அவர்களிடம் இல்லை. சங்கத் தலைவர் ஆவுடையப்பன் எச்சில் இலை எடுத்து, அண்டா தேய்த்து, அடிபட்டே மேலே வந்தவர். கொசுறு கிடைத்தால் அந்தக் கொசுறுக்கும் கொசுறு கேட்பார். கோபம் வந்தால் முதலில் கரண்டி பறக்கும், காரணம் பிறகுதான் வரும்.

மில் முதலாளி வீட்டில் கல்யாணம். "வெள்ளிக்கிழமை உங்க வெப்சைட்டைப் பாப்பேன். பிடிச்சா சமையல் உங்களுக்கு, இல்லைன்னா கீழூர்க்காரங்களுக்கு" என்று சொல்லிவிட்டார். கீழூர்க்காரன் சாம்பார் அந்தப் பந்தியில் ஓடுவதை நினைத்ததுமே ஆவுடையப்பனுக்கு வயிறு எரிந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து ஜெபசீலி வந்தாள். சின்னச் சின்ன சங்கங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவள்.

"நான் ஃப்ரீலான்சர், அண்ணாச்சி."

"ஃப்ரீன்னு நீயே சொல்லிட்டே. பெறகு கூலி எதுக்குத் தாயி?"

அவள் அர்த்தம் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போயிற்று. கடைசியில் பாதிக்குக் கூலி, மீதிக்கு மைசூர்பாகு என்று படிந்தது.

"மொதல்ல மெனுவை முடிவு பண்ணுங்க. அஞ்சாறுக்கு மேல வேண்டாம்" என்றாள்.

சங்கம் கதவைச் சாத்திக்கொண்டு கூடியது.

"அஞ்சாறு ஐட்டத்துல கல்யாணமா? கீழூர்க்காரன் சிரிப்பாம்வே" என்றார் செயலாளர் சொர்ணலிங்கம்.

"அவியல் இல்லைன்னா நான் சங்கத்தை விட்டே போயிருவேன்" என்றான் காய் நறுக்கும் மாசானம்.

ஜெபசீலி எழுதிக் கொடுத்ததை ஆவுடையப்பன் வாசித்தார். முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்புக்கு. ஆள் கொதித்துப்போனார். "இதுல எதைவே இலையில வைக்கது?"

பேரம் பேசிப் பேசி அவளை ஒரே ஒரு ஐட்டத்துக்குச் சம்மதிக்க வைத்தார். 'தொடர்புக்கு' பக்கத்தில் 'அப்பளம்' வந்தது. அழுத்தினால் பொரித்த அப்பளத்தின் படம் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை. சைட் திறக்கவில்லை. ஆவுடையப்பன் ஜெபசீலிக்குப் போன் போட்டு அலறினார்.

"சர்வர் படுத்துட்டுது, அண்ணாச்சி. உங்க ஆளுங்க அத்தனை பேரும் கூட்டமாப் பாத்தா அது தாங்குமா? பொறுங்க, எழுப்பிருதேன்."

சங்கத்துக்கு இருந்த ஒரே சர்வர், பந்தியில் பரிமாறும் இசக்கிமுத்து. ஓடிப்போய்ப் பார்த்தால், முந்தின நாள் பந்தி அலுப்பில் நிஜமாகவே படுத்திருந்தான்!

"லே, சைட்டை எங்கலே வச்சிருக்கே?"

"எனக்கு ஏது அண்ணாச்சி சைட்டு? அரை சென்ட் எடங்கூடக் கெடையாதே!"

சொர்ணலிங்கம் தாடையைத் தடவினார். "கூட்டமாப் பாத்துப் படுத்துட்டாம்னா, இது கண்ணேறுதாம்வே."

உப்பும் மிளகாய்வற்றலும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். நெடி ஏறி இசக்கிமுத்து துள்ளி எழுந்து தும்மினான். அதே நொடியில் மாசானத்தின் போனில் சைட் திறந்துகொண்டது!

மில் முதலாளியும் பார்த்தார். அப்பளத்தை அழுத்தினார், படம் வந்தது. கல்யாணத்தைக் கொடுத்துவிட்டார்.

முகூர்த்தம் முடிந்தது. பந்தி நிறைய ஆட்கள், ஆளுக்கொரு இலை. சாம்பார் மணக்கிறது. பரிமாறத்தான் யாரையும் காணோம்.

மில் முதலாளி வேர்த்து விறுவிறுத்துச் சமையல்கட்டுக்கு ஓடிவந்தார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இசக்கிமுத்துவைத் தலையோடு கால் போர்வையால் மூடி உட்காரவைத்திருந்தார்கள். மாசானம் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தான்.

"என்னவே இது? சர்வரை வெளிய அனுப்பும்!"

"இம்புட்டுக் கூட்டம் ஒரே நேரத்துல பாத்தா படுத்துருவாம்லா, மொதலாளி? பெறகு எங்க சைட்டு என்னாகது?" என்றான் மாசானம்.

"அப்ப வந்த சனம் எதைத் திங்கும்?"

ஆவுடையப்பனுக்குச் சுள்ளென்று ஏறியது. கரண்டியை ஓங்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எல்லார் கையிலயும் போன் இருக்குல்லா? மெனுவுல அப்பளத்தை அழுத்தச் சொல்லும். ஆனா ஒவ்வொருத்தரா! மொத்தமா அழுத்துனா நொறுங்கிப்போகும்."