மேற்கே திரும்பிய கப்பல்

சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது, குருவுக்கு முப்பத்துமூன்று. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம். தெய்வசிகாமணியே முதலில் சிரித்தவர்தான்.

முப்பத்துநாலு வருடம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர் அவர். ஊரார் நிலத்துக்கெல்லாம் எல்லைக்கோடு போட்டுக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். தன் மனசுக்குப் பிடித்து ஒரு கோடு போட்டதில்லை என்ற குறை, அவரை விருதுநகரில் ஒரு மாடி அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. எழிலரசி அங்கேதான் 'கரைகாணா' என்ற விண்கப்பலின் கதையை மாதாமாதம் சித்திரத் தொடராகச் செய்துவந்தார்.

கப்பலில் முந்நூறு பேர். இனி பூமிக்குத் திரும்புவதில்லை என்று சத்தியம் செய்து கிளம்பியவர்கள். தூரத்து நட்சத்திரம் ஒன்றை நோக்கி அறுபது பகுதிகளாகப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

எழிலரசிக்கு மணிக்கட்டு வலி வந்து தூரிகை பிடிக்க முடியாமல் போனபோது, வரைகிற வேலை தெய்வசிகாமணியின் கைக்கு வந்தது. அந்த அறையில் படம்தான் முதலில். அதைப் பார்த்த பிறகே எழிலரசி பேச்சை எழுதுவார்.

தெய்வசிகாமணி முதன்முதலாக வரைந்த அறுபத்தொன்றாம் பகுதி வெளிவந்தது. நாலாம் நாளே கடிதங்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி.

கப்பல் திரும்பிவிட்டதா?

நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள். அதனால் சித்திரக்கதையில் போகிறவர்கள் வலப்பக்கம் பார்த்துப் போவார்கள், வீடு திரும்புகிறவர்கள் இடப்பக்கம் பார்த்து வருவார்கள். யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனாலும் படிக்கிற குழந்தைக்கும் அது தெரியும். அறுபது மாதம் வலப்பக்கம் பார்த்த கப்பலின் மூக்கை, கடைசிப் பக்கம் முழுக்க வரைந்த ஒரே படத்தில், தெய்வசிகாமணி இடப்பக்கம் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் பேச்சே இல்லாததால் அது எழிலரசியிடம் வராமல் நேராக அச்சுக்குப் போய்விட்டது.

"ஏன் ஐயா இடப்பக்கம் வச்சீங்க?" என்று கேட்டார் எழிலரசி.

"நட்சத்திரம் மேற்கே இருக்குன்னு அம்பத்தஞ்சாம் பகுதியில எழுதியிருந்தீங்க, குருவே. வரைபடத்துல மேற்குன்னா இடதுதானே?"

எழிலரசி விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லவேளை, வடக்கு காட்டுற அம்புக்குறி போடாம விட்டீங்களே!"

"போட்டேன். அப்புறம் அழிச்சுட்டேன்."

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானத்தில் உடம்பு குன்றிப்போயிருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து ஒருவர், அறுபது மாதம் நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தார். தேனியிலிருந்து ஒரு விடுதி மாணவிகள், கப்பல் திரும்பியதைக் கொண்டாடி அன்று சாப்பாட்டுக் கூடத்தில் ஆடியதாக எழுதியிருந்தார்கள். அவரை அதிகம் சுட்டது இரண்டாவது கடிதம்தான்.

சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். அலுவலகத்துக் கையெழுத்து, பிசிறில்லாமல் இருந்தது.

'சென்ற இதழில் கப்பல் தவறுதலாக இடப்பக்கம் நோக்கி வரையப்பட்டுவிட்டது. பயணத்தில் மாற்றமில்லை. வாசகர்கள் பொறுத்தருள்க.'

"அடுத்த இதழ்ல இதைப் போட்டுடுங்க. நான் நாளையிலிருந்து வரல."

"ஏன்?"

"எனக்கு எல்லைக்கோடுதான் வரும். இது வராது. ஆசைப்பட்டுட்டேன், அவ்வளவுதான்."

எழிலரசி சீட்டைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. வாசகர்களுக்குச் சொல்லியாச்சு. கப்பல்ல இருக்கறவங்களுக்கு யார் சொல்றது?"

"யாருக்கு?"

"முந்நூறு பேரு இருக்காங்களே. கப்பல் திரும்புனதை அவங்களும்தானே பார்த்திருப்பாங்க?"

கேலி செய்கிறார் என்று நினைத்தார் தெய்வசிகாமணி. ஆனால் எழிலரசி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"கேப்டன் மாதங்கி எல்லாரையும் கூட்டிவச்சு இந்தச் சீட்டை வாசிச்சுக் காட்டட்டும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் வரைஞ்சு குடுத்துட்டுப் போங்க."

ஒரு கட்டம்தானே, அரை மணி நேர வேலை. தெய்வசிகாமணி பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார்.

கேப்டனை முதலில் வரைந்தார். கையில் சீட்டு. முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட்டத்துக்குப் போனார்.

முன்வரிசையில் எஞ்சின் பார்க்கிற இருதயராஜ். எப்போதும் பரட்டைத்தலையோடு திரிகிற ஆள், இன்று வகிடெடுத்துத் தலைவாரியிருந்தார். தெய்வசிகாமணி அப்படி நினைத்து உட்காரவில்லை. கை அப்படி வரைந்துவிட்டது. பக்கத்தில் தோட்டம் பார்க்கிற நாச்சியார், விதைகளை ஒரு துணியில் மூட்டை கட்டி மடியில் வைத்திருந்தாள். அடுத்து ஒரு சிறுமி, கப்பலிலேயே பிறந்தவள். பூமி என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயத்தையும் அழிக்க அவருக்கு மனசு வரவில்லை.

அரை மணி நேரம் மூன்று மணி நேரமாயிற்று. எழிலரசி டீ வரவழைத்தார். அது ஆறிப்போனது.

கடைசியில் கேப்டனின் வாய் மட்டும் பாக்கி. வாசிக்கிற மாதிரி திறந்து வரைந்தார், அழித்தார். மறுபடி வரைந்தார், மறுபடி அழித்தார். இத்தனை முகங்களைப் பார்த்துக்கொண்டு, 'தவறுதலாக' என்ற வார்த்தையை எந்த வாயால் வாசிப்பது?

ரப்பரை எடுத்துக் கேப்டனின் கையையும் அழித்தார். புதிதாகப் போட்ட கை, சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. ஏதோ சொல்லப் போகிற வாய்.

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்துநாலு வருடத்தில் அவர் வரைந்த எந்த நிலத்திலும் ஆள் இருந்ததில்லை.

எழிலரசி படத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"குருவே, கேப்டன் எதுக்காகக் கப்பலைத் திருப்பினாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றபடி அவர் இன்னொரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். "அடுத்த கட்டத்தை வரைங்க ஐயா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் நானும் வீட்டுக்குப் போகாம உட்கார்ந்திருக்கேன்."